அறுபத்தொன்பதாவது நிமிடம் வரை

இதை எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர், ஹட்டனில் நான் வேலை பார்த்த படமாளிகையில் இப்போது படம் ஓட்டும் ஒப்பரேட்டராக இருக்கும் தம்பி. இன்னொருவர் கொட்டகலையில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியை. மூன்றாமவர் எனக்கு முகம் தெரியாதவர். தொலைபேசியில் பதினொரு நிமிடம் பேசினார். மூவரும் கேட்டது ஒரே கேள்வி. கயிறு இழுத்தலைப் பற்றிய அந்தப் பரீட்சார்த்த ஆவணப்படத்தை நான் தியேட்டரில் ஓட்டியது சரிதானா? அது ஓவியக் காட்சிக்கூடத்தில் சுவரில் ஓடவேண்டிய படம் அல்லவா?

நான் கலை படித்தவன் இல்லை. நாற்பத்தொரு வருடம் தலைகளை எண்ணியவன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

உயர்தர வகுப்பில் கணிதம் படித்துவிட்டு, பாடசாலையில் வேலை கிடைக்காமல், ஒப்பரேட்டர் கெபினுக்குள் உதவியாளாக ஏறினேன். பதினான்கு படிகள். பயிற்சி ஒன்றரை வருடம். மெஷின் விளக்கின் கார்பன் குச்சி பார்ப்பது, அறுந்த சுருளை ஒட்டுவது, ஒரு மெஷினிலிருந்து மற்றதுக்கு மாறும்போது திரை இருளாமல் காப்பது. பிறகு அதெல்லாம் போய் ஹார்ட் டிஸ்க் வந்தது. அதற்குப் பயிற்சி இரண்டு நாள். பழைய மெஷின் போனதற்காக நான் கண் கலங்கவில்லை. அது போட்ட இரைச்சலில் என் வலது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை.

எண்ணும் பழக்கத்தை யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் ஹோலில் முந்நூற்றுப் பதினெட்டு இருக்கைகள். இருபத்தொன்று உடைந்தவை. கெபினின் சிறிய கண்ணாடித் துவாரம் வழியாக ஒரு காட்சிக்கு நான்கு தடவை எண்ணுவேன்: விளக்கு அணைந்ததும், இருபது நிமிடம் கழித்து, இடைவேளை முடிந்ததும், படம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது. வரிசை வரிசையாக, இடமிருந்து வலம். தூங்குகிறவரும் ஒன்று. மடியில் குழந்தை இருந்தால் அதுவும் ஒன்று. எண்ணியதை சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன். ஓய்வு பெறும்போது ஐம்பத்தெட்டுக் கொப்பிகள் இருந்தன. வீட்டில் அவற்றுக்கு இடமில்லை என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சொன்ன தடவைகளை நான் எழுதவில்லை.

இதனால் ஒரு நட்டமும் உண்டு. கயிறு இழுத்தல் படம் வரும்வரை, நான் ஓட்டிய ஒரு படத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்ததில்லை. புதுப் படம் வந்தால் முதல் ஐந்து நிமிடம், நடு ஐந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் ஓட்டிப் படமும் சத்தமும் சரியா என்று பார்ப்பேன். காட்சி நேரத்தில் தலைகளைத்தான் பார்ப்பேன்.

இடைவேளையைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்ப் படங்களில் அதற்கு எழுத்து வரும். வராத படங்களில் எங்கே நிறுத்துவது என்பது ஒப்பரேட்டரின் பொறுப்பு. படத்தின் நீளத்தில் பாதி, முன்பின் மூன்று நிமிடம். அதற்குள் ஒரு கதவு மூடினாலோ, யாராவது பதில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாலோ அங்கே நிறுத்துவேன். பதினைந்து நிமிடம் கழித்து மூன்று தடவை மணி. அந்தப் படம் வரும்வரை, இடைவேளை இல்லாமல் எங்கள் ஹோலில் ஒரு காட்சியும் நடந்ததில்லை. கென்டீனின் வடை முழுவதும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் போகும்.

முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் அழைக்கும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு கோரிக்கையோடு போனால் முழுவதையும் கேட்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார், பிறகு கென்டீன் பக்கம் திரும்பி டீ கொண்டுவரச் சொல்வார். பால் டீ சொன்னால் நீங்கள் கேட்டது கிடைக்கும். பால் இல்லாத பிளேன்டீ சொன்னால் கிடைக்காது. "முடியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. சம்பளம் கூட்டிக் கேட்டு நான் குடித்த பிளேன்டீ பத்தொன்பது. குடித்துவிட்டு, கப்பைக் கழுவி வைத்துவிட்டு, மேலே ஏறிவிடுவேன்.

ஓய்வு பெற இருபத்துமூன்று நாள் இருக்கும்போது சுகந்தி வந்தாள். லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் தாயும் நானும் அங்கே தொழிலாளர் லயத்தில் ஒரே வீட்டு வரிசையில் பிறந்தவர்கள் என்பதால் என்னை மாமா என்பாள். நுண்கலை படித்து, கமெராவோடு திரிகிறவள்.

"மாமா, தியேட்டர்ல ஒரு படம் போடணும்."

"என்ன படம்?"

"கயிறு இழுத்தல்."

"பாட்டு எத்தன?"

"பாட்டே இல்ல."

"சண்டை?"

"கயிறு இழுக்கிறதே சண்டைதானே மாமா."

"எவ்வளவு நேரம்?"

"எழுபத்துநாலு நிமிசம். ஒரே ஒரு இழுப்பு."

அப்படி ஒரு இழுப்பு உலகத்தில் கிடையாது என்றேன். அவள் விளக்கினாள். நான்கு வருடத்துக்கு முன் பொங்கல் விளையாட்டுப் போட்டியில் தோட்டத்தின் மேற்பிரிவுப் பெண்களும் கீழ்ப்பிரிவுப் பெண்களும் இழுத்த இறுதிப் போட்டி. நிஜத்தில் மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. அதை இருபது மடங்கு மெதுவாக்கியிருக்கிறாள். நான் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். சரியாக எழுபத்துநான்கு நிமிடம் வந்தது. அந்த ஒரு விடயத்தில் எனக்குப் படத்தின்மேல் மரியாதை உண்டானது.

"யார் ஜெயிச்சது?"

"அது படத்துல வராது மாமா. கீழ்ப்பிரிவையே காட்டல. நடுக்கோட்டையும் காட்டல. செல்லம்மா பெரியம்மாவ மட்டுந்தான்."

செல்லம்மா மேற்பிரிவு அணியில் எட்டாவது ஆள். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, சாய்ந்து நிற்கும் கடைசி ஆள். கொழுந்து பறிக்கிறவர், அப்போது வயது ஐம்பத்திரண்டு. அந்தப் போட்டியில் மேற்பிரிவு தோற்றது. செல்லம்மா கையிலிருந்து கயிற்றை விட்டுவிட்டார் என்று மற்ற ஏழு பேரும் சொன்னார்கள். ஜெயித்திருந்தால் பரிசு ஆளுக்கொரு ரைஸ் குக்கர். நான்கு வருடமாக மேற்பிரிவில் எந்த வீட்டில் சோறு குழைந்தாலும், "செல்லம்மாகிட்டப் போய்க் கேளு" என்பார்களாம். அணியின் தலைவி பார்வதிதான் அதைத் தொடக்கிவைத்தவர். செல்லம்மா மலையில் தனியாக ஒரு ஓரத்து நிரையில் நின்று பறிக்கிறார். பகல் சாப்பாடும் தனியாகத்தான்.

"அவங்க விடல மாமா," என்றாள் சுகந்தி. "அறுபத்தொன்பதாவது நிமிசத்துல தெளிவாத் தெரியும். முன்னால கயிறு தொய்யுது. யாரோ விட்டுட்டாங்க. அதுக்குப் பொறகுதான் பெரியம்மா விழுறாங்க. விழுந்தும் கயிறு கையிலதான் இருக்கு. நெச வேகத்துல பாத்தா கண்ணு அதப் பிடிக்காது. அந்த ஏழு பேரும் ஒக்காந்து அதுவரைக்கும் பாக்கணும்."

"அப்ப நேரா அந்த இடத்தையே போன்ல காட்டேன்."

"காட்டினேன். வெட்டி ஒட்டினதுன்னு பார்வதியக்கா சொல்லிட்டாங்க. மொத நிமிசத்துலருந்து பாத்தாத்தான் நம்புவாங்க."

அதே நேரம் கொழும்பில் ஒரு ஓவியக் காட்சிக்கூடம் இந்தப் படத்தை ஒரு மாதம் வைக்க ஒத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமை தொடக்கம். அங்கே தொடங்கிய பிறகு வேறெங்கும் போடக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. ஆகவே எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் காட்சிக்கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி நான் பேசுவதில்லை. செவ்வாய்க்கிழமை என் வார விடுமுறை. ரயிலேறி சுகந்தியோடு கொழும்புக்குப் போனேன். வெள்ளைச் சுவர், கறுப்புத் திரைச்சீலை, உள்ளே முதுகு சாய வழியில்லாத நான்கு பேருக்கான ஒரு வாங்கு. ஒரு நீச்சல்காரரைப் பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தால் தானாகவே மறுபடி தொடங்கும். பொறுப்பாளரான பெண் மிக மரியாதையாக எனக்கு டீயும் பிஸ்கட்டும் தந்தார். நான் வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்துநான்கு பேர் வந்தார்கள். அதிக நேரம் நின்றவர் ஒன்பது நிமிடம். அவரும் இடையில் இரண்டு தடவை போனைப் பார்த்தார். முதுகு வலித்தது.

வெளியே வந்ததும் சுகந்தி என்னோடு வாதாடினாள். "அங்க நிக்கிறவங்க விரும்பி நிக்கிறாங்க மாமா. யாரும் பூட்டி வைக்கல. இந்த மாதிரிப் படத்துக்கு அது நல்லதுதானே?"

"விரும்பி நிக்கிறவர் விரும்பிப் போயிருவார். ஒன்பது நிமிசத்துல செல்லம்மாவோட கால் மண்ணுல எவ்வளவு புதையும்?"

அவள் யோசித்தாள். "அரை இஞ்ச்."

"அறுபத்தொன்பதுல?"

ஹட்டன் வந்து சேரும்வரை அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அன்று முடிவெடுத்தேன். இந்தப் படம் முதலில் எங்கள் ஹோலில் ஓடவேண்டும்.

ஹாஜியார் கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார். நான் கென்டீன் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"ஆள் ஈக்குமா சிவம்?" 'இருக்கும்' என்பது அவர் வாயில் 'ஈக்கும்' ஆகிவிடும்.

"தெரியாது."

"பாட்டில்லாம, பேச்சில்லாம, ஒரு பொம்பள சாஞ்சுக்கிட்டு நிக்கிறதப் பாக்க நம்ம ஆள்கள் கடைசி வரைக்கும் ஈப்பாங்களா?"

"தெரியாது ஹாஜியார். எண்ணிச் சொல்றேன்."

அவருக்கு அது பிடித்தது. ஞாயிறு காலை பத்தரைக் காட்சியைக் கொடுத்தார், நுழைவு இலவசமாக. ஒரு நிபந்தனை வைத்தார். வந்தவர்களில் பாதிப் பேராவது கடைசிவரை இருந்தால், வெள்ளிக்கிழமைவரை தினமும் காலைக்காட்சியாக ஓட்டலாம். இல்லாவிட்டால் அன்றோடு சரி. பால் டீ வந்தது.

சனிக்கிழமை பரிசோதித்தேன். முதல் ஐந்து நிமிடம் செல்லம்மா சாய்ந்து நின்றார். நடு ஐந்து நிமிடம் சாய்ந்து நின்றார். கடைசி ஐந்து நிமிடத்தில் மிக மெதுவாக விழுந்தார். சத்தமும் மெதுவாக்கப்பட்டிருந்ததால், ஊர் கத்துவது தேயிலை பெக்டரி இரைவதுபோல் கேட்டது. எல்லாம் ஒழுங்கு என்று எழுதினேன்.

ஞாயிறு. விளக்கு அணைந்ததும் நூற்றுப் பன்னிரண்டு பேர். முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில் மேற்பிரிவுப் பெண்கள் எட்டுப் பேர். ஏழு தலைகள் ஒட்டி ஒட்டி. ஒரு இருக்கை வெறுமை. பிறகு எட்டாவது தலை. கீழ்ப்பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜெயித்தவர்களுக்கு எதற்குப் படம் என்றார்களாம்.

இருபதாவது நிமிடத்தில் தொண்ணூற்றேழு. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் வழக்கத்துக்கு மாறாக இன்னொரு தடவை எண்ணினேன். தொண்ணூற்றொன்று. பாதிக்கு வேண்டியது ஐம்பத்தாறுதான். எனக்கே ஆச்சரியம். ஆட்கள் கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஒருவர் "தள்ளிப் போய் நில்லும்மா, பின்னால மலை தெரியல" என்கிறார், ஆனால் எழும்பிப் போகவில்லை.

முப்பத்தேழாவது நிமிடத்தில் என் கை தானாகவே போனது. நிறுத்தினேன். விளக்கைப் போட்டேன். கொப்பியில் எழுதினேன்: இடைவேளை.

சுகந்தி பதினான்கு படியையும் ஓடி ஏறி வந்தாள். "மாமா! என்ன செஞ்சீங்க?"

"இடைவேளை."

"இந்தப் படத்துக்கா?"

"எல்லாப் படத்துக்குந்தான்."

அவள் கண்ணாடித் துவாரத்தைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். திரையில் செல்லம்மாவின் குதிகால் மண்ணில் அசையாமல் நின்றது. இருபது மடங்கு மெதுவான படம் நின்றுவிட்டதா ஓடுகிறதா என்று யாருக்கும் தெரியாது. எழுத்து எதுவும் வரவில்லை. விளக்கு மட்டும் வந்துவிட்டது. சனங்கள் பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வெளியே சந்தை. யாரும் கென்டீன் பக்கம் திரும்பவில்லை. படம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்று தடவைக்குப் பதில் ஒன்பது தடவை மணி அடித்தேன். இடைவேளைக்குப் பிறகு முப்பத்தெட்டுப் பேர், கடைசியிலும் அதே. மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு தலை. அது செல்லம்மா. மீதி முப்பத்தேழு நிமிடத்தில் அந்தத் தலை ஐந்து தடவை பின்னால் வாசலைத் திரும்பிப் பார்த்தது.

படம் முடிந்ததும் சுகந்தி கெபின் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "பெரியம்மா மட்டுந்தான் பாத்தாங்க," என்றாள். "அவங்களுக்கு ஏற்கனவே தெரியுமே மாமா."

மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. ஹாஜியாரின் அறைக்குப் போனேன். பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. என் கொப்பியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இருந்தாலும் உள்ளதைச் சொன்னேன். "நூத்திப் பன்னெண்டு. கடைசியில முப்பத்தெட்டு."

"பாதி இல்லியே சிவம்."

"இல்ல. ஆனா இடைவேளைக்கு முந்தி தொண்ணூத்தொண்ணு. கலைச்சது படம் இல்ல ஹாஜியார். நான்."

கண்ணாடியைத் துடைத்தார். பிளேன்டீ சொன்னார். வந்தது. மேசையில் வைத்தார்கள். நான் எடுக்கவில்லை.

"பன்னெண்டரைக்கு இன்னொரு தடவ போடணும்," என்றேன். "நிப்பாட்டாம."

"நிப்பாட்டாமயா? கென்டீன்?"

"மூடிருங்க."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், டீயைப் பார்த்தார்.

"ரெண்டரைக்குப் பெரிய படம் ஈக்கே சிவம். கூட்டணும், தொடைக்கணும்."

"ஒன்னு நாப்பத்துநாலுக்கு முடிஞ்சிரும். நாப்பத்தாறு நிமிசம் இருக்கு. கூட்டித் தொடைக்க முப்பத்திரண்டு நிமிசம் போதும். நான் பாத்து எழுதியிருக்கேன்."

"பாக்க ஆள்?"

"கூட்டிக்கிட்டு வாறேன்."

"டீ ஆறுது," என்றார்.

"ஆறட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸாருக்குள் ஏழு பெண்களைத் தேடுவதற்கு எனக்கு இருந்தது இருபது நிமிடமும் ஒன்றரை முழங்காலும். இடது முழங்கால் பாதிதான் வேலை செய்யும். கருவாட்டுக் கடையில் இரண்டு பேர். வளையல் கடையில் ஒருவர். அந்த மூவரையும் பின்னால் வரச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பார்வதியும் மற்ற மூவரும் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து அன்னாசித் துண்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

"பார்வதி, படம் முடியல. வாங்க."

"முடியலியா? லைட்டுப் போட்டீங்களே ஐயா!"

"அது இடைவேளை."

"இடைவேளைன்னு எழுத்து வரலியே. அவ காலு அப்படியே நின்னுச்சு, லைட்டு வந்துச்சு. சரி, படம் எடுத்த புள்ளைக்குக் காசு முடிஞ்சிருச்சின்னு நெனச்சோம்."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "சினிமான்னா யாராச்சும் சாகணும், இல்ல கல்யாணம் கட்டணும். இதுல ரெண்டும் இல்ல. காலு மட்டுந்தான்."

"எழுத்துப் போடாதது என் பிழை," என்றேன். "மறுபடி மொதல்லருந்து போடுறேன். நடுவுல நிப்பாட்ட மாட்டேன்."

"மொதல்லருந்தா! அந்தக் கால இன்னொரு மணித்தியாலம் பாக்கணுமா? அவ கயித்த விட்டத நாங்க நேருலயே பாத்தோம் ஐயா."

"எட்டாவது ஆள் ஒங்க முதுகுக்குப் பின்னால நின்னாங்க. ஏழு பேரும் முன்னால பாத்து இழுத்தீங்க. எப்படிப் பாத்தீங்க?"

பார்வதி அன்னாசித் துண்டைக் கடிக்காமல் வைத்திருந்தார். நான் விடுவதாக இல்லை. "கடைசி வரைக்கும் பாருங்க. பாத்துட்டும் செல்லம்மாதான் விட்டான்னு சொன்னா, ஒங்களுக்கெல்லாம் ரைஸ் குக்கர் நான் வாங்கித் தாறேன்."

"எத்தன?"

"ஏழு."

"எட்டு," என்றார் பார்வதி. "அவளும் எங்க செட்டுதானே." மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். "பஸ் ரெண்டு பத்துக்கு. அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டோம்."

எட்டு ரைஸ் குக்கர் என்ன விலை வரும் என்று அப்போது நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏழு பெண்கள் மூட்டைகளோடு வரிசையாகத் தியேட்டருக்குள் போவதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று இன்னும் சிலர் பின்னால் வந்தார்கள். காலையில் வந்தவர்களில் சிலரும் திரும்பியிருந்தார்கள். செல்லம்மா மூன்றாவது வரிசையில் அதே இருக்கையில்தான் இருந்தார். கென்டீன் பலகை மூடியிருந்தது. வாசலில் ஹாஜியார் தானே நின்று கதவைச் சாத்தினார். நான் மேலே போய் படத்தைத் தொடக்கிவிட்டு, நிறுத்தும் பட்டனுக்கு மேலே என் கொப்பியை வைத்தேன், கை போகாமலிருக்க. முழங்கால் தாங்கவில்லை. மெதுவாகக் கீழே இறங்கி வந்து, கடைசி வரிசையின் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

கெபினிலிருந்து பார்ப்பது வேறு. கீழேயிருந்து பார்த்தால் செல்லம்மாவின் கால் ஒரு மலை உயரம். குதிகாலைச் சுற்றி மண் பிதுங்கி எழுவதும், முழங்காலில் நரம்பு ஒன்று புடைத்து அடங்குவதும், நெற்றியில் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கின் ஓரமாக இறங்குவதும் தெரிந்தன. அந்தப் பொட்டு மூக்கு நுனிக்கு வர ஆறு நிமிடம் எடுத்தது. ஆறுதானா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்று நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

முப்பத்தேழாவது நிமிடம் எப்போது கடந்தது என்று தெரியாது. எங்கேயோ ஓரிடத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "ஊனுடி," என்றது. இன்னொரு குரல், "சாயி, சாயி," என்றது. கொஞ்ச நேரத்தில் ஏழு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு ஹோலே கத்தியது. இருபது மடங்கு மெதுவாக இழுக்கிற ஒருவருக்காக எவ்வளவு நேரம் கத்த முடியும்? தொண்டை வறண்டு ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அப்போதும் செல்லம்மா இழுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த இடம் வந்தது. அவருக்கு முன்னால் கம்பிபோல் விறைத்திருந்த கயிறு ஒரு தடவை நடுங்கியது. நடுவில் சிறிதாக வளைந்தது. வளைவு பெரிதாகி அவர் கையை நோக்கி வந்தது. கை விரியவில்லை. விரல்களின் மூட்டுகள் வெளுத்திருந்தன. அதன் பிறகுதான் குதிகால் எழும்பி, உடம்பு பின்னால் சரிந்து, மண்ணில் முதுகு பட்டது. கயிறு கையில்தான் இருந்தது. அப்படியே திரை இருண்டது.

விளக்கைப் போட நான் மேலே போகவேண்டும். மறந்துவிட்டேன். ஹாஜியார் வாசல் பக்கத்துச் சுவிட்சைப் போட்டார்.

மூன்றாவது வரிசையில் ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் யார் என்று படத்தில் கிடையாது. தனக்குத் தெரியாது என்று சுகந்தியும் எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாள்.

பார்வதிதான் முதலில் எழும்பினார். வெறுமையாக இருந்த அந்த ஒரு இருக்கையில் போய் உட்கார்ந்தார். "நாலு வருசம் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியாடி?"

"சொன்னேனே. நீங்க சோறு குழைஞ்சிருச்சின்னு சிரிச்சீங்க," என்றார் செல்லம்மா.

"யாரு விட்டது?"

"எனக்குத் தெரிஞ்சது ஒங்க எல்லாரோட முதுகுந்தான். எந்திரிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பார்வதி தன் மூட்டையைத் தலையில் வைத்துவிட்டு, செல்லம்மாவின் சந்தைப் பையையும் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலில் என்னைத் தாண்டும்போது, "ரைஸ் குக்கர் வேணாம் ஐயா, அடுப்புல ஆக்குறதுதான் ருசி," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைவரை ஐந்து காலைக்காட்சி ஓட்டினோம், இடைவேளை இல்லாமல். பிறகு படம் கொழும்புக்குப் போனது. சுகந்தி அந்தப் பொறுப்பாளரிடம் மூன்று விடயம் கேட்டாள்: சாத்துகிற ஒரு கதவு, குறித்த நேரத்தில் தொடங்குவது, முதுகு சாய்கிற இருக்கை. அவர்கள் முதலில் தயங்கினார்களாம், பிறகு பன்னிரண்டு இருக்கை போட்டார்களாம். ஆகவே என்னைக் கேட்ட மூவருக்கும் பதில் இதுதான். இப்படியான படம் முதலில் ஓடவேண்டியது, அதில் இருப்பவர்கள் வந்து உட்காரக்கூடிய இடத்தில். அதன் பிறகு எந்தச் சுவரிலும் ஓடட்டும். ஆனால் கதவைச் சாத்துங்கள். நடுவில் நிறுத்துகிறவரின் கையைக் கட்டிப்போடுங்கள்.

அந்த ஞாயிறு எல்லோரும் போன பிறகுதான் கொப்பி ஞாபகம் வந்தது. இரண்டாவது காட்சிக்கு நான்கு கட்டங்களும் வெறுமை. நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. ஹாஜியாரிடம் போய், எண்ண மறந்துவிட்டேன் என்றேன்.

அவர் விரல் கணுக்களைக் காட்டினார். "நாப்பத்தாறு. கதவு சாத்தயிலயும் அவ்வளவுதான், லைட்டுப் போடயிலயும் அவ்வளவுதான். ஒங்களையுஞ் சேத்து."

மேசையில் காலையில் ஆறிப்போன பிளேன்டீ அப்படியே இருந்தது. அதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, இரண்டு பால் டீ கொண்டுவரச் சொன்னார்.

"நீங்க எங்க நின்னீங்க ஹாஜியார்?"

"கதவுகிட்ட."

"கடைசி வரைக்குமா?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க வெகுநேரம் எடுத்தார். "கடைசி வரைக்குந்தான்."

நாற்பத்தேழு என்று எழுதினேன்.